சில கிலோவாட்டுக்குள் ஒரு குடும்பம்

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டைத் தமிழ்நாடு எளிதில் மறக்காது. சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரம். வெளி மாவட்டங்களில் பல ஊர்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். விளக்குக்கும் விசிறிக்கும் இன்வெர்ட்டர் ஈடுகொடுத்தது. போர் மோட்டாரை நம்பியிருந்த வீடுகளுக்கு அது போதவில்லை. வசதி இருந்தவர்கள் சின்னதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வாசலோரம் வைத்தார்கள்.

அந்த இயந்திரம் குடும்பத்துக்கே வாட் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் ஆயிரம் வாட் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. அதனால் மற்ற சுவிட்சுகளை அணைத்துவிட்டு முதலில் மோட்டாரைப் போடுவார்கள். அது சீராக ஓடத் தொடங்கியதும் ஃப்ரிட்ஜ், அதன் பிறகே மற்றவை. வரிசை மாறினால் என்ஜின் திணறும், டியூப்லைட் மங்கும், டிரிப் ஆகிவிடும்.

இன்னொரு பாடமும் உண்டு. சுமையைப் பாதியாகக் குறைத்தாலும் பெட்ரோல் செலவு பாதியாகக் குறையாது. இரண்டு விளக்குக்காக நாலு மணி நேரம் ஓட்டுவது வீண். ஒரு மணி நேரம் ஓட்டி, அதற்குள் தொட்டியை நிரப்பி, மாவரைத்து, செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றி நிறுத்திவிடுவதுதான் சிக்கனம். மோட்டார் கிளம்பும்போது மிக்ஸியைத் தொடக் கூடாது என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

இன்று அந்த மின்வெட்டு இல்லை. கருவிகளும் மாறிவிட்டன. அன்று நாலு விசிறிக்கு 300 வாட், சோக் வைத்த நாலு டியூப்லைட்டுக்கு 200 வாட்டுக்கு மேல். இன்று பிஎல்டிசி விசிறி ஒன்றுக்கு 30 வாட், எல்இடி டியூப் ஒன்றுக்கு 20 வாட் என்று பார்த்தால் எல்லாம் சேர்ந்தே 200 வாட்தான். ஆனால் மிச்சம் பிடித்ததை வேறு இடத்தில் செலவழிக்கிறோம். கீசர் 2000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பும் ஏறக்குறைய அவ்வளவே, ஒன்றரை டன் ஏசி 1500 வாட். அடுக்குமாடியில் கரண்ட் போனால் பொது ஜெனரேட்டர் தானாகவே ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் அளவு உண்டு என்பது, கீசரைப் போட்டு டிரிப் ஆன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

தேவை தீர்ந்துவிடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வாடகை ஜெனரேட்டர்கள் தெருத்தெருவாகப் போய்த் தொட்டிகளை நிரப்பின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன.

அன்றைய பழக்கத்தில் கைவிட வேண்டியதும் உண்டு. சிலர் இருமுனையிலும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை வீட்டு பிளக் பாயிண்டில் செருகினார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியே வெளியேறும். டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது. வீட்டுக்குள்ளோ சன்னலுக்கு அருகிலோ ஓட்டவும் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கூரை சோலார் இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார், ஈபி கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். அதுவும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடுதான். பேட்டரி சேர்த்தால் மறுபடியும் அதே கேள்வி வருகிறது: எதைப் போடுவது, எதை நிறுத்துவது?

அதனால் அந்தப் பழைய கணக்கை ஒவ்வொரு வீடும் மீண்டும் கற்க வேண்டும். ஒவ்வொரு கருவியின் வாட்டையும் பார்த்து, எதை முதலில் போடுவது என்ற வரிசையோடு எழுதி மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கரண்ட் இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது. புயல் வந்த பிறகு பெட்ரோலும் கிடைக்காது, எலக்ட்ரீஷியனும் கிடைக்கமாட்டார்.