இயங்குநேரத்தில் ஸ்கீமா: தொகைநூல் மின்பதிப்பில் அமைப்பு விதிகளை வகுத்தல்

யூனிகோடு பரவலான பின்னர், தமிழ் நூல்களை மின்பதிப்பாக்குவதில் எழுத்துருச் சிக்கல் பெரிதும் தணிந்துவிட்டது. அடுத்து நிற்பது அமைப்புப் பற்றிய சிக்கல். ஒரு பாட்டில் திணை எது, கூற்று எது, அடி எங்கே முடிகிறது, பாடவேறுபாடு எந்தச் சொல்லுக்கு உரியது என்பவற்றைக் கணினிக்கு உணர்த்த எக்ஸ்.எம்.எல். குறிமொழி பயன்படுகிறது. இதன் முதற்பதிப்பை டபிள்யூ.3.சி. அமைப்பு 1998 பிப்ரவரியில் வெளியிட்டது. குறிகளுக்கு நாம் விரும்பும் பெயரை, தமிழிலேயே கூட, இட்டுக்கொள்ளலாம். ஆனால் அவை எந்த வரிசையில், எத்தனை முறை வரலாம் என்பதற்கு விதிகள் தேவை. அவ்விதிகளின் தொகுதியே ஸ்கீமா எனப்படுகிறது. ஆவணத்தை இலக்கியம் எனக் கொண்டால் ஸ்கீமா அதன் இலக்கணம்.

இலக்கியத்தைக் கண்டே இலக்கணம் வகுக்கப்படும் என்பது நம் மரபு. மென்பொருள் திட்டங்களிலோ பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. நிரலாளர் முதலில் ஸ்கீமாவை எழுதுகிறார். அதிலிருந்து நிரலின் உறுப்புகள் உருவாக்கப்பட்டு மென்பொருளுக்குள் பதிக்கப்படுகின்றன. அதன் பின்னரே பதிப்பாசிரியர் நூலை உள்ளிடத் தொடங்குகிறார். விதிக்குப் பொருந்தாத பாட்டு ஒன்று எதிர்ப்பட்டால் ஸ்கீமாவைத் திருத்தி, நிரலை மீண்டும் உருவாக்கி, அனைவருக்கும் புதிதாக வழங்க வேண்டும். நிரலாளர் வேறு பணியில் இருந்தால் பதிப்பாசிரியர் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்க இயலாதவர் பாட்டைச் சற்றே வளைத்துச் சட்டகத்துக்குள் அடக்கிவிடும் அபாயமும் உண்டு. நம் கவலை இதைப் பற்றியதே.

குறுந்தொகையை எடுத்துக்கொள்வோம். அது நான்கு முதல் எட்டு அடிவரையுள்ள பாடல்களின் தொகை என்பதை மாணவரும் அறிவர். நிரலாளர் அதனை அப்படியே விதியாக எழுதிவிடுவார். ஆனால் 307, 391 ஆகிய எண்ணுள்ள பாடல்கள் ஒன்பது அடி கொண்டவை. அவ்விரண்டையும் கணினி பிழை என ஒதுக்கும். 'அப்படியானால் மேல் எல்லையை ஒன்பது ஆக்கிவிடலாமே' எனத் தோன்றலாம். அவ்வாறு செய்தால், எட்டடிப் பாடல் ஒன்றின் அடி தட்டச்சில் இரண்டாக உடைந்துபோனாலும் அது சரியான பாடலாகவே கடந்து செல்லும். விதியைத் தளர்த்துவது வேறு, விலக்கைப் பதிவு செய்வது வேறு. ஐங்குறுநூற்றிலும் இதே நிலைதான். மூன்று முதல் ஆறு அடி என்பது அதன் விதி. 129, 130 ஆம் பாடல்களோ கிடைக்கவேயில்லை. அவற்றை விட்டுவிட்டு எண்களை நெருக்கி அமைப்பதும், வெற்று அடிகளை இட்டு நிரப்புவதும் பதிப்பு நெறிக்கு ஒவ்வாதவை.

2001 மே மாதத்தில் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா 1.0 தரத்தில் ஒரு குறை உண்டு. தொகையின் பெயரையோ பாடல் எண்ணையோ பண்பாகக் கொடுத்து, அதன் மதிப்புக்கேற்ப அடிகளின் எண்ணிக்கையை மாற்று என அதில் கூற இயலாது. 2012இல் வெளிவந்த 1.1 பதிப்பு இதற்கு வழி செய்தது. எனினும் டாட்நெட் உள்ளிட்ட பரவலான கருவிகள் பல 1.0 உடன் நின்றுவிட்டன. ஆகவே ஒரே நிலையான ஸ்கீமாவில் எல்லாவற்றையும் அடக்க முயல்வதைவிட, நிரல் இயங்கும்போதே தேவையான ஸ்கீமாவை ஆக்கிக்கொள்வது தக்கது என்பது நம் கருத்து. ஸ்கீமா தானே ஓர் எக்ஸ்.எம்.எல். ஆவணமாக இருப்பதால் இது எளிது. முந்தைய டி.டி.டி. முறைக்குத் தனி இலக்கணம் இருந்தது. ஸ்கீமாவையோ, பிற ஆவணங்களை ஆக்கும் அதே கருவிகளைக் கொண்டே ஆக்கலாம்.

நடைமுறை இதுதான். பதிப்பாசிரியரிடம் ஓர் அட்டவணை இருக்கும். தொகையின் பெயர், பாடல் எண், குறைந்த அடி, மிகுந்த அடி, குறிப்பு என்பன அதன் பத்திகள். குறுந்தொகைக்குப் பொதுவாக ஒரு வரிசையும், 307, 391 ஆகியவற்றுக்கு விலக்காக ஒரு வரிசையும் போதும். ஐங்குறுநூற்றின் இரு பாடல்களுக்குரிய வரிசையில் அடிகளுக்கு மாறாகக் 'கிடைக்கவில்லை' என்னும் குறி கட்டாயமாகும். நிரல் இவ்வட்டவணையைப் படித்து, வரிசைக்கு ஒரு ஸ்கீமாவை நினைவகத்தில் எழுதி, அதனைக் கம்பைல் செய்து, பாடல்களைத் தனித்தனியே சோதிக்கும்.

கம்பைல் செய்தலைக் கணினித் தமிழில் 'தொகுத்தல்' என்கின்றனர். எட்டுத்தொகை பயிற்றுவிப்போர்க்கு இச்சொல் வேறு பொருளைத் தரும் என்பதால் இங்கு அதனைத் தவிர்த்தோம். அங்கே நடப்பது உண்மையில் திரட்டுதல் அன்று. பல கோப்புகளில் சிதறியுள்ள பெயர்கள் தத்தம் வரையறையோடு இணைக்கப்படுகின்றன. ஒரு குறியைக் கண்டதும் அது எந்த விதிக்கு உரியது என ஐயமின்றித் துணிய முடியுமா என ஆராயப்படுகிறது. இறுதியில் விதிகள், ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு நகரும் உட்பொறியாக மாற்றப்படுகின்றன. ஜாவா மொழியில் 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் 'ஸ்கீமாஃபேக்டரி' என்னும் வகுப்பு இப்பணியைச் செய்கிறது. டாட்நெட்டில் 2005 முதல் 'எக்ஸ்எம்எல்ஸ்கீமாசெட்' உள்ளது. பின்னதில், சேர்த்த ஸ்கீமாவைத் திருத்தினால் மீள்செயலாக்கம் செய்து மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும் என்பதை மறத்தலாகாது.

கம்பைல் செய்தல் செலவு மிக்க பணி. குறுந்தொகையின் 401 பாடல்களுக்கும் 401 முறை அதனைச் செய்வது வீண். அட்டவணையில் இருப்பவை இரண்டே வரிசைகள் என்பதால் இரண்டு ஸ்கீமாக்களைக் கம்பைல் செய்து சேமித்து வைத்தால் போதும். ஜாவாவில் அவ்வாறு சேமித்த ஸ்கீமாவைப் பல இழைகள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம். அதிலிருந்து பெறும் சோதிப்பானை மட்டும் பகிரக் கூடாது.

மற்றொன்றும் உண்டு. ஓர் ஆவணம் தனக்குரிய ஸ்கீமா எங்குள்ளது எனத் தானே சுட்டிக்காட்ட இயலும். அதை நம்பிச் சோதிப்பது, வழக்காடுபவர் தம் நீதிபதியைத் தாமே அழைத்து வருவதற்கு ஒப்பாகும். தவிர, நிரல்கள் ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து விதிக்கோப்புகளை இறக்கியதால், தன் வழங்கிகளுக்கு நாளொன்றுக்கு 13 கோடி வரை வேண்டுகோள்கள் வந்ததாக டபிள்யூ.3.சி. 2008இல் முறையிட்டது. எனவே வெளித்தொடர்பை அடைத்துவிட்டு, நாம் ஆக்கிய ஸ்கீமாவை மட்டுமே நிரல் ஏற்கச் செய்தல் வேண்டும்.

சோதிப்பான் தரும் பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில், தர ஆவணத்தின் விதியெண்களோடு வருவன. தமிழாசிரியர்க்கு அவற்றால் பயனில்லை. ஸ்கீமா நம் அட்டவணையிலிருந்து பிறந்தது என்பதால், எந்த வரிசை மீறப்பட்டது என்பதை நிரல் அறியும். 'குறுந்தொகைப் பொதுவிதி: அடி எட்டுக்கு மேற்பட்டது' எனத் தமிழிலேயே அறிவிக்கலாம். அதைக் கண்ட பதிப்பாசிரியர் ஓலையையோ அச்சுப் பதிப்பையோ மீண்டும் பார்த்து, தட்டச்சைத் திருத்துவதா, அட்டவணையில் புதிய விலக்கைச் சேர்ப்பதா என முடிவு செய்வார். நிரலாளரை நாட வேண்டியதில்லை.

இவ்வுரிமையோடு ஒரு பொறுப்பும் வருகிறது. அட்டவணை நாளும் மாறுமாயின், சென்ற ஆண்டு 'சரி' எனக் கடந்த பாடல் எந்த விதிப்படி கடந்தது என்பதை எவரும் கூற இயலாது போகும். ஆகவே ஒவ்வொரு முறை ஆக்கப்படும் ஸ்கீமாவையும் அதன் நாளோடும், விலக்குக்குக் காரணமான பதிப்பின் பெயரோடும் கோப்பாகச் சேமித்து, சோதிக்கப்பட்ட பாடலின் தலைப்பகுதியில் அக்கோப்பின் அடையாள எண்ணைப் பொறித்துவிட வேண்டும்.