பால் உறைவும் இரத்த உறைவும்

மாலையில் காய்ச்சி ஆற்றிய பாலில் சிறிது மோரை உறையாக ஊற்றி வைத்தால், பொழுது விடிவதற்குள் அது தயிராகிவிடுகிறது. கத்தி பட்ட விரலிலிருந்து வழியும் இரத்தமும் சில நிமிடங்களில் கெட்டிப்பட்டு நின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் தமிழில் 'உறைதல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். உண்மையில் இவை வெவ்வேறு நிகழ்ச்சிகளாகும். பாலில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலத்தால் கேசீன் என்னும் புரதம் திரள்கிறது. இரத்தத்திலோ, கரைந்துள்ள பைப்ரினோஜன் என்னும் புரதம் பைப்ரின் இழைகளாக மாறி, இரத்த அணுக்களை வலைபோல் பற்றிக்கொள்ளுகிறது. ஆயினும் கண்ணுக்குத் தோன்றும் ஒப்புமை காரணமாக வேறு மொழியினரும் இரண்டுக்கும் ஒரு சொல்லையே வழங்கினர். இன்று மருத்துவர்கள் கூறும் 'த்ராம்போஸிஸ்' என்ற சொல்லும் அத்தகையதே.

கிரேக்க மொழியில் 'த்ரோம்போஸ்' என்றால் கட்டி, திரளை என்று பொருள். திரைந்த பாலையும் உறைந்த இரத்தத்தையும் அது குறித்தது. கி.மு. 458-இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகமொன்றில், அரசி ஒருத்தி தான் ஒரு பாம்பை ஈன்று அதற்குப் பாலூட்டுவதாகவும், அது பாலோடு இரத்தக் கட்டியையும் உறிஞ்சுவதாகவும் கனாக் காண்கிறாள். அங்கே கட்டியைக் குறிக்கும் சொல் இதுவே. இலத்தீன் வழிவந்த 'கோயாகுலேஷன்' என்பதன் பிறப்பும் இதைப் போன்றதே. 'கோயாகுலம்' என்பது, பாலாடைக்கட்டி செய்வதற்காகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளாகும்.

சொல்லில் இருந்த பால், நோயைப் பற்றிய கருத்திலும் புகுந்தது. பிள்ளை பெற்ற பெண்கள் சிலருக்கு ஒரு கால் மட்டும் வெளுத்து, வீங்கி, கடுமையாக வலிப்பதை ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். தாய்ப்பால் வழிதவறிக் காலில் இறங்கித் தங்குவதே காரணம் என்று 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பிரசவ மருத்துவரான பூஸோ முதலியோர் போதித்தனர். ஆங்கிலேயர் அதற்குப் 'பால்கால்' என்றே பெயரிட்டனர். இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றினும், அக்காலத்தில் இது வெறும் பாமர நம்பிக்கையன்று, கற்றோர் கொள்கை. 1784-இல் மான்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் ஒயிட் இதனை மறுத்து, குறை நிணநீர்க் குழாய்களில் உள்ளது என்றார். இலண்டனில் டேவிஸ் என்பவர் இறந்தோர் உடலை அறுத்து ஆராய்ந்து, இடுப்புப் பகுதியின் பெரிய சிரைகள் அழற்சியுற்று அடைபட்டிருப்பதை 1823-இல் வெளியிட்டார். காலில் பால் இல்லை. சிரையில் உறைந்த இரத்தமே இருந்தது.

அவ்வுறைவு எங்ஙனம் மரணத்தை விளைவிக்கிறது என்பதை விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ. திடீரென்று இறந்தவர்களின் நுரையீரல் தமனியில் காணப்படும் கட்டி, அத்தமனிச் சுவரின் அழற்சியால் அங்கேயே தோன்றுவது என்று அந்நாளில் பலர் எண்ணினர். 1846 முதல் விர்ச்சோ வேறொன்றை எடுத்துரைத்தார். கட்டி தொலைவிலுள்ள சிரையில் உருவாகி, உடைந்து, இரத்த ஓட்டத்தோடு இருதயத்தின் வழியே நுரையீரலை அடைகிறது என்பதே அது. நாய்களின் கழுத்துச் சிரையில் இரப்பர்த் துண்டு முதலியவற்றைச் செலுத்தி, அவை நுரையீரலில் சென்று சிக்குவதையும் காட்டினார். உயிருள்ள உடலில் இரத்தக் குழாய்க்குள்ளேயே இரத்தம் உறைவதற்கு 'த்ராம்போஸிஸ்' என்ற பெயரையும், உடைந்த கட்டி பெயர்ந்து சென்று வேறிடத்தில் அடைப்பதற்கு 'எம்பாலிசம்' என்ற பெயரையும் அவர் நிலைநிறுத்தினார்.

இரண்டாவது சொல்லின் வரலாறும் சுவையானது. 'இடையே செருகுதல்' என்பது அதன் வேர்ப்பொருள். அதற்குமுன் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் அது பஞ்சாங்கச் சொல்லாகவே வழங்கியது. சந்திர ஆண்டைச் சூரிய ஆண்டோடு பொருத்துவதற்காக இடையே செருகும் மாதத்தை, அதாவது நம் நாட்டார் அதிகமாதம் என்பதை ஒத்ததை, அது குறித்தது.

காயத்தில் இரத்தம் உறைவது நன்மை. குழாய்க்குள் உறைவது தீமை. விர்ச்சோ தெளிவாகப் பிரித்த இவ்வேறுபாட்டைப் பின்வந்த சொற்கள் மீண்டும் கலக்கிவிட்டன. உறைதலை நிகழ்த்தும் நொதிக்குத் 'த்ராம்பின்' என்றும், இரத்தத் தட்டணுக்களுக்குத் 'த்ராம்போஸைட்' என்றும் பெயர் வைத்தனர். இவை இல்லையேல் சிறு காயமும் ஆபத்தாகும். டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைவதற்கு மருத்துவர் இடும் 'த்ராம்போஸைடோபீனியா' என்ற பெயரைக் கேட்ட களப்பணியாளர் சிலர், அது இரத்தம் அளவுக்கு மீறி உறையும் நோய் என்று கருதிவிடக்கூடும். அப்பெயர் சொல்வது தட்டணுக்களின் குறைவையே. அங்கு அஞ்ச வேண்டியது இரத்தக் கசிவை.

தமிழிலும் இத்தகைய இடர் ஒன்று உண்டு. அடிபட்ட இடத்தில் தோலின் கீழ் இரத்தம் கசிந்து நீலம் பாய்வதை 'இரத்தக்கட்டு' என்பர். சிரைக்குள் உறைந்த கட்டியையும் பலர் அவ்வாறே கூறுகின்றனர். அடிபட்ட இரத்தக்கட்டுக்குப் பற்றுப் போடுவதும், எண்ணெய் தடவி உருவிவிடுவதும் வீடுகளில் வழக்கம். கர்ப்ப காலத்திலும், பிள்ளை பெற்ற பின் ஆறு வாரங்கள் வரையிலும் பெண்களின் இரத்தம் வழக்கத்தைவிட எளிதில் உறையும் இயல்புடையது. அக்காலத்தில் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வெம்மையும் தோன்றினால், அதனையும் சாதாரண இரத்தக்கட்டாக எண்ணி அழுத்தித் தேய்த்தல் கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலை அடையக்கூடும். அப்போது திடீரென மூச்சுத் திணறலும் மார்வலியும் உண்டாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாவிடில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகையால் களப்பணியாளர்கள் இல்லங்களில் பேசும்போது 'இரத்தக்கட்டு' என்று பொதுப்படக் கூறாமல், 'இரத்தக் குழாய்க்குள் உறைந்த இரத்தம்' என்று விரித்துக் கூறுவதே பொருத்தமாகும். சொல் சற்று நீளுமாயினும், கேட்பவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கமாட்டார்.