நாகரிகமும் நொய்யல் நீரும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பர் பெரியோர். முதலிபாளையத்தில் வாழும் நமக்கோ ஆடை பாதியன்று, முக்கால் பங்கு எனலாம். அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங், அண்ணன் அயர்னிங், மாமா நிட்டிங் என்று பனியன் கம்பெனியை நம்பியே நம் வீட்டு அடுப்புகள் எரிகின்றன. நம் ஊரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. பின்னலாடை வடிவமைப்பைக் கற்பிக்கும் நிஃப்ட்-டீ கல்லூரியும் இருக்கிறது. ஆகவே நாகரிகமாக உடுத்துவது எப்படி என்று நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நாகரிகமாகவும், அதே வேளையில் இயற்கைக்கு ஊறு செய்யாமலும் வாழ்வது எப்படி? இக்கேள்விக்கு விடை தேட எங்களைத் தூண்டியது ஒரு கருப்பு டி-சர்ட். அந்தக் கதையையே இங்கு எழுதுகிறோம்.

சிஸ்டர் கேட்ட கணக்கு

இவ்வாண்டுப் பள்ளி விழாவில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த 24 பேர் நடனம் ஆடுவதென்று முடிவாயிற்று. எல்லாரும் ஒரே மாதிரி கருப்பு டி-சர்ட் அணிந்தால் மேடையில் எடுப்பாக இருக்கும் என்று எண்ணினோம். மொத்த விலைக்கு வாங்கித் தரவும் ஒரு தோழியின் சித்தப்பா இசைந்தார். அனுமதி கேட்க எங்கள் வகுப்பு சிஸ்டரிடம் சென்றோம்.

சிஸ்டர் மறுக்கவில்லை. "விழா முடிந்த மறுநாள் அந்தச் சட்டைகளை என்ன செய்வீர்கள், பிள்ளைகளே?" என்று கேட்டார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "சரி, ஒரு சட்டை கருப்பாவதற்கு என்ன செலவாகிறது என்று விசாரித்து வாருங்கள். எனக்குப் பணக் கணக்கு வேண்டாம், தண்ணீர்க் கணக்கு வேண்டும்" என்றார்கள்.

சாயமும் உப்பும்

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா சாயப்பட்டறையில் மாஸ்டராக வேலை செய்கிறார். அவரிடம் கேட்டோம். அவர் சொன்னதையும் நூலகத்தில் படித்ததையும் சேர்த்து, எங்களுக்குப் புரிந்த வகையில் கூறுகிறோம்.

பருத்தித் துணியை நீரில் நனைத்தால் அதன் இழைகள் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. இன்று பெரிதும் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் நீரில் எதிர்மின்னூட்டம் உடையது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அதனால் சாயம் துணியை நெருங்காமல் நீரிலேயே நிற்கப் பார்க்கும். அதை நூலிடம் கொண்டு சேர்க்கும் தூதுவன்தான் உப்பு. சாதாரண உப்போ, சோடியம் சல்பேட் என்னும் உப்போ சேர்த்த பிறகே சாயம் துணியை நாடிச் செல்கிறது. பின்னர் சலவைச் சோடாவைச் சேர்த்து நீரைக் காரமாக்கினால் சாயம் இழையோடு நிலையாகப் பிணைகிறது.

வெளிர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் உப்பு போதும். கருப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு 80 கிராம், சில வேளைகளில் அதற்கு மேலும் வேண்டும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், கருப்புச் சாயமேற்ற 640 கிராம் உப்பு தேவை. ஒரு டி-சர்ட்டின் எடை 150 கிராம் என்றால் அதன் பங்கு 96 கிராம். அப்படியானால் எங்கள் 24 சட்டைகளுக்கு ஏறத்தாழ 2,300 கிராம்! கரும்பலகையில் இதைப் போட்டபோது வகுப்பே வாய்பிளந்தது. எங்கள் நடனமோ ஆறே நிமிடம்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த உப்பில் சிறிதும் துணியில் தங்குவதில்லை. தூது போன வேலை முடிந்ததும் அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. துணியில் ஒட்டாத மிச்சச் சாயமும் அதனுடன் போகிறது. சாயம் போடுமுன் வெளுப்பதற்கும், போட்ட பின் பலமுறை அலசுவதற்கும் ஆகும் நீர் தனி.

பருத்தி விளைவதற்கே நீர் வேண்டும். வயல் முதல் தையல் வரை ஒரு பருத்தி டி-சர்ட்டுக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் ஆகிறது என்று உலக இயற்கை நிதியம் மதிப்பிட்டிருக்கிறது. ஒருவர் நாளொன்றுக்கு 3 லிட்டர் குடித்தால், அது அவருக்கு 900 நாள் குடிநீர்.

ஒரத்துப்பாளையம் புகட்டும் பாடம்

வெளியேறிய அந்த உப்பு நீர் எங்கே போயிற்று? இதற்கு விடை சொன்னவர் இன்னொரு தோழியின் அப்புச்சி.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைக்கு அருகே, ஒரத்துப்பாளையத்தில் 1992ஆம் ஆண்டு ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பல ஆயிரம் ஏக்கர் நிலம் பாசனம் பெறும் என்பது திட்டம். ஆனால் அணையில் வந்து தேங்கியது சாயக் கழிவு. கிணறுகள் உப்பாயின. தென்னைகள் பட்டுப்போயின. "தண்ணி வேணும்னு அணையைக் கேட்டதும் நாங்கதான் கண்ணு. அப்புறம் அந்தத் தண்ணியைத் தெறந்து உட்றாதீங்கன்னு கேட்டதும் நாங்கதான்" என்று அப்புச்சி எங்களிடம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2006ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றக் கூடாது என்று வலியுறுத்தியது. அப்படியும் நிலைமை சீராகாததால், 2011 ஜனவரி இறுதியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

அப்போது நாங்கள் கைக்குழந்தைகள். சாய மாஸ்டரான தோழியின் அப்பா, வேலையிழந்து மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பிப் போனாராம். மளிகைக் கடைக் கடனை அடைக்கத் தோழியின் அம்மா தம் கம்மலை அடகு வைத்தாராம். ஒருவர் வீட்டில் தென்னை பட்டுப்போயிற்று. இன்னொருவர் வீட்டில் அடுப்பு அணைந்தது. இவ்விரு தோழியரும் இன்று எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். இவர்களில் யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் தீர்ப்புக் கூற முடியுமா? ஆறு செத்தால் தொழிலும் சாகும் என்ற பாடத்தை மட்டும் இருவர் வீட்டிலும் கற்றுக்கொண்டோம்.

திறந்த வழி

நல்ல வேளையாகக் கதை அத்துடன் முடியவில்லை. கழிவு நீரை ஆற்றில் விடாத முறையை அமைத்துக்கொண்ட பட்டறைகள் மெல்ல மெல்லத் திறக்கப்பட்டன. பல பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன.

அங்கு நடப்பது இதுதான். முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவு நீரிலுள்ள மாசு குறைக்கப்படுகிறது. பிறகு நிறம் நீக்கப்படுகிறது. அதன் பின் நீரை அழுத்தத்துடன் மெல்லிய சவ்வுகளின் வழியே செலுத்துகின்றனர். நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் நடப்பதும் இதுவே. பெரும்பகுதி நல்ல நீராகி மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்பு நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுக்கின்றனர். அந்த உப்பையும் திரும்பப் பயன்படுத்துகின்றனர்.

ஆயினும், இவ்வளவு வேலைக்கும் மின்சாரமும் எரிபொருளும் செலவாகின்றன. முடிவில் சேறு மிஞ்சுகிறது. எனவே "இயந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்று நாம் கைகட்டி இருப்பது சரியன்று. தேவையில்லாத சட்டையை வாங்காதிருப்பதைவிடச் சிறந்த சுத்திகரிப்பு நிலையம் உண்டோ?

வெட்டுத்துணிக்கு மறுவாழ்வு

நம் ஊரில் வீண் என்று எதுவும் எளிதில் போவதில்லை. கட்டிங் மேசையில் விழும் துணுக்குகளை நாம் "வேஸ்ட்" என்கிறோம். ஆனால் அவற்றைத் தரம் பிரித்து, நிறம் பிரித்து, மீண்டும் பஞ்சாக்கி, ஓ.இ. மில்களில் நூலாக நூற்கின்றனர். துணியின் நிறமே நூலின் நிறமாகிவிடுவதால், அந்நூலுக்குப் பெரும்பாலும் மறுபடி சாயம் தேவையில்லை. உப்பும் மிச்சம், நீரும் மிச்சம்! பனியன் துணுக்குகளில் பின்னிய கால்மிதிகள் நம்மில் பலர் வீட்டு வாசலில் கிடக்கின்றன. அவற்றை மிதித்துச் செல்லும் நாம் அவற்றின் பெருமையை எண்ணிப் பார்த்ததில்லை.

காலி பிளாஸ்டிக் பாட்டில்களையும் இழையாக்குகின்றனர். 2023 பிப்ரவரியில் நம் பிரதமர் நாடாளுமன்றத்திற்கு அணிந்து வந்த நீல நிறக் கையில்லா மேற்சட்டை, கரூர் நிறுவனம் ஒன்று பாட்டில்களிலிருந்து தயாரித்த துணியால் ஆனது. குப்பையும் நாகரிகமாகும் என்பதற்கு இது சான்றன்றோ!

இல்லத்தில் நாம் செய்யத் தக்கவை

பெரிய காரியங்களைப் பெரியவர்கள் செய்யட்டும். பள்ளி மாணவியராகிய நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவது, வாங்குமுன் அலமாரியைத் திறந்து பார்ப்போம். எங்களுள் ஒருத்தி தன் சட்டைகளை எண்ணினாள், 17 இருந்தன. அவற்றில் அவள் மாறி மாறி உடுத்துவது ஐந்துதான்.

இரண்டாவது, நிறத்தைத் தேர்ந்து வாங்குவோம். வெண்மையும் வெளிர் நிறங்களும் நம் வெயிலுக்கும் ஏற்றவை, நீருக்கும் இதமானவை.

மூன்றாவது, துவைப்பதில் கவனம் கொள்வோம். துணியை உள்வெளியாகத் திருப்பிக் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் நிறம் நெடுநாள் நிற்கும். பாலியெஸ்டர் துணி ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும். எனவே அதை அடிக்கடி துவைப்பதைக் குறைக்கலாம்.

நான்காவது, ஊசியும் நூலும் எடுப்போம். தையல் விட்டால் தைப்போம், பொத்தான் போனால் மாற்றுவோம். அக்காள் சட்டையைத் தங்கை அணிவதில் இழிவில்லை. பழைய பனியனின் கைகளையும் கழுத்தையும் வெட்டியெடுத்து, அடிப்பக்கத்தைத் தைத்துவிட்டால் ஒரு கைப்பை தயார். பத்து நிமிட வேலை. கிழிந்தது கரித்துணியாகட்டும்.

இப்படி எல்லாரும் குறைவாக வாங்கினால் நம் பெற்றோரின் வேலை என்னாவது? இக்கேள்வி எங்கள் வகுப்பிலேயே எழுந்தது. சாய மாஸ்டரிடமே கேட்டோம். "மூணு துவைப்புல கந்தலாகுற பத்துச் சட்டையைவிட, மூணு வருசம் வர்ற மூணு சட்டைக்கு நியாயமான விலை குடுத்தீங்கன்னா, எங்களுக்கும் மரியாதை, ஆத்துக்கும் மரியாதை" என்றார் அவர்.

இல்லத்திற்கு வெளியே

கடைக்குப் போகும்போது பை கொண்டு போவது நம் பாட்டிமார் வழக்கம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சப்பை தூக்கினால் நாட்டுப்புறத்தான் என்று நகைத்தார்கள். இன்று அதுவே நாகரிகம்!

நம் பகுதியில் 2015 முதல் "வனத்துக்குள் திருப்பூர்" என்னும் திட்டத்தின் வழியாக மரக்கன்றுகள் நடப்படுகின்றன. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. சாயத்தால் பெயர் கெட்ட ஊர் பறவையால் பெயர் பெறுவது நமக்கெல்லாம் பெருமை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடல், நீரைக் குறைவாகச் செலவிடுவதையும் பொருளை எறியாமல் மீண்டும் பயன்படுத்துவதையும் அன்பின் செயல்களாகவே காட்டுகிறது என்று சிஸ்டர் எங்களுக்கு எடுத்துரைத்தார்கள். அன்பு செய்யப் பணம் வேண்டியதில்லை அல்லவா?

முடிவுரை

கருப்பு டி-சர்ட் என்னாயிற்று என்று கேட்கிறீர்களா? வாங்கவில்லை. அவரவரிடமிருந்த வெள்ளைச் சட்டையையே அணிந்தோம். ஒரு கம்பெனியிலிருந்து கிடைத்த வெள்ளை வெட்டுத்துணியை இணைத்துத் தைத்து 24 மேலாடைத் துண்டுகள் செய்தோம். கடுக்காய் நீரிலும் படிகார நீரிலும் அவற்றை ஊற வைத்து, மாதுளைத் தோலைக் கொதிக்க வைத்த நீரில் சாயமேற்றினோம். சில துண்டுகள் பொன்னிறமாயின, சில பழுப்பாயின. மஞ்சள் தூளில் நனைத்த இரண்டு, வெயிலில் காய்ந்ததும் வெளுத்துப்போய் எங்களைப் பார்த்துச் சிரித்தன. ஒரே மாதிரி இல்லையே என்று முதலில் வருந்தினோம். விளக்கொளியில் நாங்கள் ஆடியபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த அப்புச்சி கைதட்டினார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்திருந்த சாய மாஸ்டரும் கைதட்டினார். எங்களுக்கு அது போதும்.

அன்புத் தோழியரே! அடுத்த முறை புதுச்சட்டை ஒன்றை ஆசையோடு கையில் எடுக்கும்போது, இதன் நிறம் எந்த நீரில் கரைந்து வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எண்ணிய பின்னும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். வாங்கியதை நெடுநாள் போற்றி உடுத்துங்கள். நாமும் அழகாயிருப்போம், நம் நொய்யலும் அழகாயிருக்கட்டும்.