ஆப்பிரிக்கப் பாறையில் அன்னாசியின் உறவு

ஜோகூரின் பொந்தியான் வட்டாரத்தில் விளையும் அன்னாசியை அறியாதார் நம் நாட்டில் இலர். ஆயினும் அது இம்மண்ணுக்குரிய செடியன்று. தென் அமெரிக்காவில் தோன்றிய அதனைக் கொலம்பஸ் 1493ஆம் ஆண்டு குவாதலூப் தீவில் கண்டார். போர்த்துக்கீசியர் கிழக்கே கொணர்ந்தனர். பழத்தோடு பெயரும் கூடவே வந்து சேர்ந்தது. அன்னாசி சேர்ந்துள்ள தாவரக் குடும்பத்திற்குப் 'புரோமிலியேசி' என்பது பெயர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களையுடைய இக்குடும்பம் அமெரிக்கக் கண்டங்களிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை என்பதே தாவர நூலாரின் நெடுநாளையத் துணிபாக இருந்தது.

1937ஆம் ஆண்டில் அத்துணிபு ஆட்டங் கண்டது. மேற்கு ஆப்பிரிக்காவில், அந்நாளில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த கினியில், பூத்தா ஜாலோன் என்னும் மேட்டு நிலம் உள்ளது. செனகல், காம்பியா ஆறுகளின் பிறப்பிடம் அது. அங்குள்ள செங்குத்தான மணற்பாறைகளில் வளர்ந்திருந்த, செம்மஞ்சள் நிறப் பூக்களையுடைய ஒரு செடியைப் பிரெஞ்சுத் தாவர அறிஞர் ஜாக்-பெலிக்ஸ் சேகரித்தார்.

சேகரிப்பது என்றால் பூப்பறித்து வருவது போன்றதன்று. செடியைத் தாளிடையே வைத்து அழுத்தி, ஈரம் போக உலர்த்த வேண்டும். அது பாறையில் வளர்ந்ததா, மரத்தில் வளர்ந்ததா, எவ்வளவு உயரத்தில், எந்த நாளில் கிடைத்தது என்றெல்லாம் அங்கேயே எழுதி எண்ணிட வேண்டும். பூவின் நிறத்தை அப்போதே குறிக்காவிட்டால், உலர்ந்த பிறகு பழுப்பைத் தவிர எதுவும் மிஞ்சாது. குறிப்பில்லாத செடி வெறும் சருகேயாகும்!

பாரிசின் புகழ்மிக்க அறிஞர் ஒகுஸ்த் செவாலியே இச்செடியை ஆராய்ந்து, 1938இல் 'வில்ரஸ்ஸெலியா பெலிசியானா' எனப் பெயரிட்டார். கண்டெடுத்தவர் பெயர் அதில் நின்றது. ஆனால் இதற்கெனப் புதியதொரு பேரினத்தையே அவர் வகுத்துவிட்டார். அமெரிக்கக் குடும்பமொன்றை ஆப்பிரிக்காவில் யார்தாம் எதிர்பார்ப்பர்? அதே ஆண்டிலேயே ஜெர்மானியரான ஹார்ம்ஸ், மில்ட்பிரட் இருவரும், இது அமெரிக்காவில் பல நூறு இனங்களாகப் பரவியுள்ள 'பிட்கைர்னியா' பேரினத்தைச் சேர்ந்ததே என்று காட்டினர். பேரினப் பெயர் மாறினாலும் இனப்பெயர் மாறலாகாது என்பது தாவரப் பெயரீட்டு விதி. ஆகவே 'பிட்கைர்னியா பெலிசியானா' என்பதே இன்று நிலைத்துள்ள பெயர். ஜாக்-பெலிக்சுக்கு உரிய சிறப்பும் குறையவில்லை.

அப்படியாயின் இது கடலைக் கடந்தது எவ்வாறு? இரு கண்டங்களும் ஒன்றாயிருந்த காலத்து எச்சம் இதுவென்று எண்ணத் தோன்றும். அவ்விளக்கம் கேட்பதற்கு இனிது, ஆனால் கணக்கு ஒத்து வரவில்லை. கண்டங்கள் பிரிந்து ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்ததிலோ, இச்செடி தன் அமெரிக்க உறவினின்று பிரிந்து ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளே ஆகின்றன எனத் தெரிந்தது. எனவே அகன்ற அட்லாண்டிக் கடல் நடுவே கிடந்த காலத்தில்தான் விதை அக்கரை சேர்ந்திருக்க வேண்டும். பிட்கைர்னியா விதைகள் மிகச் சிறியவை. இருமுனையிலும் வால் போன்ற நீட்சி உண்டு. காற்று கொண்டு சென்றது என்பார் சிலர். பறவை கொண்டு சென்றது என்பார் வேறு சிலர்.

அமெரிக்காவில் இப்பேரினத்தின் செந்நிறப் பூக்களை நாடிவரும் ஹம்மிங் பறவைகள் ஆப்பிரிக்காவில் இல்லை. மணமற்ற இச்செம்மஞ்சள் பூக்களில் அங்கே தேனருந்தி மகரந்தம் சேர்ப்பவை, நம் வீட்டுச் செம்பருத்தியை வட்டமிடும் தேன்சிட்டின் இனத்தவை என்று கருதப்படுகிறது.