நாண்விடு கருவி

துரோணர் ஏகலைவனிடம் குருதட்சிணையாக வலக்கைக் கட்டைவிரலைக் கேட்ட கதையை நாம் அனைவரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். கையைக் கேளாமல் கட்டைவிரலை மட்டும் கேட்டது ஏன் என்று பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. விரலை இழந்த பின்னரும் அவன் எஞ்சிய விரல்களால் அம்பு எய்தான் என்றும், முன்னிருந்த விரைவு மட்டும் இல்லாமற்போயிற்று என்றும் மகாபாரதம் கூறுகிறது. வில்லை வளைப்பது வேறு, நாணை விடுவது வேறு என்பது இதனால் விளங்கும். வளைப்பது தோளின் வேலை. விடுவது விரலின் வேலை. குறி தப்புவதும் தப்பாததும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

நாணைக் கட்டைவிரலால் பற்றி இழுக்கும் முறை மங்கோலியர், துருக்கியர், மொகலாயர் முதலியோரிடம் வழங்கி வந்தது. நாண் விரலை அறுக்காதிருக்கும்பொருட்டு அவர்கள் எலும்பு, கொம்பு, கல் முதலியவற்றால் செய்த மோதிரத்தை அணிந்தனர். ஹைதராபாத்திலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஷாஜஹானுடைய மோதிரம் ஒன்று, ஜேடு என்னும் மணிக்கல்லால் செய்யப்பட்டது, காட்சிக்கு இருக்கிறது. மன்னர் அணிந்த ஆபரணம் என்று எண்ணி அதைக் கடந்து செல்வோர் உண்டு. உண்மையில் அது ஓர் ஆயுதத்தின் உறுப்பு. நாண் தோலில் உரசாமல், வழவழப்பான ஒரு விளிம்பின்மீது வழுக்கிக் கழல வேண்டும் என்பதற்காகச் செய்தது. இன்று வில்வித்தைப் போட்டிகளில் வீரர்கள் கையில் நாம் காணும் சிறிய உலோகக் கருவியை அந்த மோதிரத்தின் வழித்தோன்றல் என்றே சொல்லலாம். களத்தில் அதனை ‘ரிலீஸ்’ என்பர். நாம் இங்கே நாண்விடு கருவி என்று வழங்குவோம்.

விரல்களே போதாவோ என்று கேட்கலாம். மூன்று விரல்களால் நாணை இழுப்பவர் அம்மூன்றையும் ஒரே கணத்தில் தளர்த்துவது அரிது. நாண் விரல் நுனிகளைச் சுற்றிக்கொண்டு கழலும்போது சற்றே பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அதனால் அம்பும் மீன் நீந்துவதுபோல் இருபுறமும் வளைந்து நெளிந்தே புறப்படுகிறது. ஒலிம்பிக் போட்டிகளில் 2024 வரை இடம்பெற்ற ஒரே வகையான ரிகர்வ் வில்லில் இன்றும் விரலால்தான் எய்ய வேண்டும். அங்கே நாண்விடு கருவிக்கு அனுமதி இல்லை. விரலைக் காக்க ஒரு தோல் துண்டு மட்டும் உண்டு. அந்த விரல்களைப் பழக்கப் பல ஆண்டுகள் செல்கின்றன.

காம்பவுண்டு வில் வந்த பின்னர் நிலைமை மாறிற்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தவரான ஹாலெஸ் வில்பர் ஆலன் 1966-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1969-இல் அது வழங்கப்பட்டது. வில்லின் இரு நுனிகளிலும் சக்கரங்கள் உள்ளன. நாணை முழுவதும் இழுத்து நிறுத்தும்போது அவை சுழன்று பளுவின் பெரும்பகுதியைத் தாமே தாங்கிக்கொள்ளுகின்றன. சர்வதேசப் போட்டிகளில் அனுமதிக்கப்படும் உச்ச அளவாகிய 60 ராத்தல் வில், நூற்றுக்கு 80 பங்கு பளுவைக் குறைப்பதாக வைத்துக்கொண்டால், வீரர் கையில் நிற்பது 12 ராத்தலே. ஆனால் இந்த வில் நீளம் குறைந்தது. முழுவதும் இழுத்த நாண் கூர்ங்கோணமாக மடிந்து விரல்களை நெரிக்கும். ஆகவே நாணில், அம்பின் வால் பொருந்தும் இடத்தில், ‘டி’ வடிவமாக ஒரு சிறு கயிற்று வளையம் கட்டி, அதில் கருவியின் கொக்கியை மாட்டி இழுக்கின்றனர். கொக்கி விலகியதும் நாண் ஒரே புள்ளியிலிருந்து நேராகப் பாய்கிறது. இந்தப் பிரிவில் கருவிக்குத் தடையில்லை. அது வில்லோடு பிணைக்கப்பட்டிருக்கலாகாது, மின்சார அமைப்புகள் இருக்கலாகாது என்பவையே விதிகள்.

நம் நாட்டில் இந்தக் கருவியைப் பற்றி இப்போது பலரும் விசாரிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2023-இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் அதிதி சுவாமி 17 வயதில் காம்பவுண்டு தனிநபர் பட்டம் வென்றார். அதே ஆண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு பிரிவின் 5 தங்கங்களும் இந்தியாவுக்கே கிடைத்தன. ஜோதி சுரேகா, ஓஜாஸ் தேவ்தலே இருவரும் தலா 3 தங்கம் பெற்றனர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு இரட்டையர் போட்டி சேர்க்கப்படும் என்று 2025-இல் முடிவாயிற்று. இளைஞர்கள் வில்லோடு கருவியையும் வாங்கப் புறப்படுகின்றனர். பெயர்பெற்ற கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை, விலையும் எளிதன்று. தவறாகத் தேர்ந்தால் பணம் போவதோடு நில்லாமல், பழக்கமும் கெட்டுப்போகும். பணத்தை மீட்டுவிடலாம், கெட்ட பழக்கத்தை மாற்றுவதே கடினம்.

இக்கருவிகளிற் பல வேட்டைக்காகச் செய்யப்பட்டவை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடுத்துவிட்டது. அமெரிக்காவிலோ இலையுதிர் காலத்தில் வெண்வால் மானை வில்லால் வேட்டையாட உரிமம் தருகின்றனர். மரத்தில் கட்டிய பரண்மேல், குளிரில், கையுறையோடு மணிக்கணக்காகக் காத்திருக்கும் வேட்டைக்காரருக்குக் கருவி கைதவறிக் கீழே விழலாகாது, மான் தோன்றியதும் நொடிப்பொழுதில், கண்ணால் பாராமலே, மாட்ட வேண்டும், ஓசையும் எழலாகாது. ஆகவே அவர் மணிக்கட்டில் வாரிட்டுக் கட்டி, ஆள்காட்டி விரலால் விசையை இயக்கும் வகையையே பெரும்பாலும் விரும்புகிறார். வாருக்கு, ‘சர்’ரென்று பிரியும் ஒட்டுப்பட்டையைவிடப் பக்கிள் நல்லது, ஒட்டுப்பட்டையின் ஓசையே மானை விரட்டிவிடும். எடுத்து நிறுத்துவதற்கு எளிதாயிருப்பதால், புதிதாகக் கற்பவர்க்கும் இவ்வகையையே சிலர் கொடுக்கின்றனர். இதில் தவறில்லை, ஆனால் ஓர் ஆபத்து உண்டு.

ஆள்காட்டி விரல் மனத்தின் கட்டளைக்கு மிக விரைவில் பணிவது. 50 மீட்டர் தூரத்தில், 8 சென்டிமீட்டர் அகலமே உள்ள பத்துப்புள்ளி வட்டத்தில் குறிமுனை நில்லாமல் மிதந்துகொண்டேயிருக்கும். அது வட்டத்தின் நடுவைத் தொடும் அந்தக் கணத்தில் ‘இப்போது’ என்று மனம் கூவும், விரல் விசையைக் குத்தும், வில் அசையும், அம்பு விலகும். சில மாதங்களில் இது முற்றி, குறிமுனை மஞ்சளுக்குள் வரவே மறுக்கும் நிலையும், வருமுன்னரே கை எய்துவிடும் நிலையும் உண்டாகின்றன. ஆங்கிலத்தில் ‘டார்கெட் பானிக்’ எனப்படும் இந்தக் குறியச்சம் நல்ல வீரர் பலரை வில்லைக் கீழே வைக்கச் செய்திருக்கிறது. அது தைரியக் குறைவு அன்று. பழக்கத்தால் வந்த நோய். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே என்பது நம் கருத்து.

இலக்கில் எய்வோர் இதற்காகவே கையில் பிடிக்கும் கருவிகளை நாடுகின்றனர். இவற்றில் மூன்று வகைகளை அறிந்தால் போதும். கட்டைவிரலால் இயங்குவது ஒன்று. கட்டைவிரலை விசையின்மீது சும்மா வைத்துவிட்டு, முதுகுத் தசைகளை இறுக்கிக்கொண்டே போனால் விசை தானே அழுந்தும். அவசரத்தில் குத்தவும் இடமுண்டு என்பதால், இதனாலும் ஏமாறுவோர் உளர். கீல் வகையில் விசையே கிடையாது. கை மெல்லத் திரும்பத் திரும்ப உள்ளேயுள்ள பிறைவடிவ உறுப்பு சுழன்று ஒரு விளிம்பைக் கடந்ததும் கொக்கி கழலும். எந்தக் கணத்தில் கழலும் என்று வீரருக்கே தெரியாது. குறியச்சத்துக்கு மருந்தாக இதைப் பயிற்சியாளர் தருவதன் காரணம் அதுவே. மூன்றாவது, இழுப்பின் அளவால் இயங்குவது. முழுவதும் இழுத்து நிறுத்தியபின் காப்புப் பொத்தானை விட்டுவிட வேண்டும். பின்னர் முன்பே அமைத்த அளவுக்கு இழுப்பு மிகுந்தவுடன் நாண் விடுபடும்.

பின்னவை இரண்டும் அறியாதார் கையில் பொல்லாதவை. கீல் கருவியை இழுக்கும்போதே கை திரும்பிவிட்டால், அல்லது காப்புப் பொத்தானை முன்கூட்டி விட்டுவிட்டால், பாதி இழுப்பில் நாண் கழன்று, இழுத்த கை முகத்தில் மோதும். உதடு கிழிவதும் பல் உடைவதும் நேரக்கூடியவை. ஆகவே இவற்றை முதலில் வில்லில் மாட்டலாகாது. இழுப்பு நீளத்துக்கு ஒரு கயிற்றை வளையமாக முடிந்து, இடக்கையில் ஒரு முனையையும் கருவியில் மறுமுனையையும் மாட்டி, எய்வதுபோல் நாள்தோறும் பழக வேண்டும். கயிறு கழன்றால் பழுதில்லை. அம்பில்லாத வில்லின் நாணை விட்டால் வில்லே சிதறிவிடும். கயிற்றில் கை பழகிய பின்னர், நாலைந்து அடி தூரத்தில் வைக்கோல் இலக்கை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எய்து பழகலாம். குறி இல்லாத இடத்தில் அச்சத்துக்கும் இடமில்லை.

எனவே புதியவர், இலக்கில் எய்வதே நோக்கமாயின், கட்டைவிரல் வகையில் தொடங்கி, ஆசிரியர் மேற்பார்வையில் கீல் வகைக்குச் செல்வதே நல்லது என்போம். வாங்கும்போது மற்றவர் கருவியைக் கையில் பிடித்துப் பார்க்கத் தயங்கக் கூடாது. இரு விரல், மூவிரல், நால்விரல் என்று பிடிகள் பலவாகும். சிறிய கைக்குப் பெரிய பிடி பொருந்தாது. வெற்றி பெற்றவர் கையில் இருந்தது என்பது நாம் வாங்குவதற்குக் காரணமாகாது. அவர் கை வேறு, நம் கை வேறு. மணிக்கட்டு வகையிலிருந்து கைப்பிடி வகைக்கு மாறினால் முகத்தில் கை நிற்கும் இடமும், நாணிலுள்ள பார்வைத் துளையின் இடமும் மாறும். குறிக்கருவியையும் புதிதாய்த் திருத்த வேண்டியிருக்கும். போட்டிக்கு முந்திய வாரத்தில் இந்த மாற்றம் வேண்டாம்.

கை வேறு என்றோம். ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவி கைகளின்றிப் பிறந்தவர். வலக்காலால் வில்லைப் பிடித்து, தோளோடு இணைத்த நாண்விடு கருவியால் நாணை இழுத்து, தாடையின் அசைவால் அதனை விடுகிறார். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு கலப்பு இரட்டையரில் வெண்கலமும், 2025-இல் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் உலகப் பட்டமும் பெற்றார். கடையில் வாங்கியதை அப்படியே கொண்டு இது நடந்ததன்று. உடலுக்கேற்பக் கருவி பொருத்தப்பட்டது. அந்த அளவுக்கு வேண்டாவிட்டாலும், விசையின் இறுக்கத்தையும் பிடியின் கோணத்தையும் திருத்திக்கொள்ளும் திருகுகள் உள்ள கருவியையே நாமும் கேட்டு வாங்க வேண்டும். முடியுமாயின் ஒரே வகையில் இரண்டு வாங்கி, இரண்டையும் ஒரே அளவில் திருத்தி வைத்துக்கொள்வது நன்று. தனிநபர் போட்டியில் ஓர் அம்புக்கு 20 நொடியே உண்டு. புல்லில் விழுந்த கருவியைத் தேட அது போதாது.