பறுவமும் பயணமும்

கனடாவில் வதியும் என் பழைய மாணாக்கர் ஒருவர் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஊருக்கு வந்திருந்தார். மூப்பெய்திய தம் தாயாரோடு நல்லூர்த் தேரைத் தரிசிக்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் வேட்கை. முந்திய ஆண்டிலே தேர் ஓகஸ்ட் 25இல் ஓடிற்று. அதனையே அளவாகக் கொண்டு, மாத முடிவில் மீளுவதற்குப் பயணச்சீட்டும் பெற்று வந்துவிட்டார். நெல்லியடிச் சந்தியில் என்னைக் கண்டு, "தேர் எப்போது ஐயா?" என்றார். "செப்டெம்பர் 13" என்றேன். அவர் முகம் வாடிற்று.

இதற்குக் காரணன் சந்திரனே. நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள். பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு நாள் ஏறக்குறைய 354. சூரிய ஆண்டினும் பதினொன்று குறைவு. ஆகவே விழா ஆண்டுதோறும் முந்திச் செல்லும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மாதம் ஒன்று மிகுந்து, மீண்டும் பின்னே தள்ளப்படும். கொடியேற்றம் 2022இல் ஓகஸ்ட் 2. 2023இல் ஓகஸ்ட் 21. 2024இல் ஓகஸ்ட் 9. 2025இல் யூலை 29. 2023இன் ஆடியில் அமாவாசை இரண்டு வந்தன, இரண்டாவதே கொள்ளப்பட்டது. அவ்வாண்டு போயா விடுமுறைகளும் பதின்மூன்று. கண்டிப் பெரஹராவும் ஓகஸ்ட் இறுதிக்குச் சென்றது. சைவரும் பௌத்தரும் அண்ணாந்து பார்ப்பது ஒரே திங்களையன்றோ!

சந்திரனுக்கு இந்நாடு ஒருகால் இன்னும் மிகுதியாகவே பணிந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீங்கி, நான்கு பிறைக்கலைகளின் போயா நாள்களே வாரவிடுமுறையாயின. சில வாரங்கள் நீண்டன, சில குறுகின. பள்ளிக்கூட நேரசூசி பட்ட பாட்டை மூத்த ஆசிரியர்கள் நகைத்து நகைத்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் சூரியனைப் பற்றியவை. ஒருநாள் முன்பின்னாகலாம், அவ்வளவே. நத்தார் அசையாது. பெரிய வெள்ளியோ பறுவத்தைத் தொடர்ந்து வருவது. நோன்புப் பெருநாளுக்கு மிகுமாதமே இல்லை. அது முந்திக்கொண்டே இருக்கும். போயா நாளில் வங்கியும் கந்தோரும் திறவா. பிறநாட்டிலிருந்து குறுகிய விடுமுறையில் வருவோர் உறுதி எழுதும் அலுவலை அன்றைக்கு வைத்து அலைவதைக் கண்டிருக்கிறேன்.

மாணாக்கருக்கு நான் சொன்ன வழி, தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. அவ்விழா ஆவணிப் பறுவத்தோடு நிறைவுறுவது. அவர் புறப்படுமுன்னர் அமைந்திருந்தது. ஒருநாள் மாலை தாயாரை அழைத்துச் சென்றார். "நல்லூர்த் தேரை வாற வரியம் பாப்பம்" என்றாராம் அம்மையார்.

2024இல் தேர் செப்டெம்பர் 1 என்பதை அவருக்கு முற்கூட்டியே எழுதினேன். தவறாமல் வந்தார். தாயார் அவ்வைகாசியிலேயே காலமாகியிருந்தார்.