உங்க டேங்க் ஒரு குட்டி உப்பளம்

கிளியனூர்ல இருந்து மரக்காணம் பக்கம் பைக்ல போயிருந்தா பார்த்திருப்பீங்க, பாத்தி பாத்தியா உப்பளம். தண்ணி நல்லா சுண்டின பாத்தி சில சமயம் ரோஸ்மில்க் நிறத்துல இருக்கும். சாயக் கழிவுன்னு நினைச்சுடாதீங்க. துனாலியெல்லா சலைனா என்கிற ஒரு செல் பாசியும், உப்பை விரும்புகிற நுண்ணுயிர்களும் சேர்ந்து தர்ற நிறம் அது. நிறம் ஏறினா தண்ணி வெயிலை அதிகமா உறிஞ்சி சீக்கிரம் வற்றும். அதனால உப்பளத்துல பாசிக்கு மரியாதை உண்டு. ஹாஸ்டல் ரூம்ல நீங்க ஆசையா வச்சிருக்கிற 100 லிட்டர் கடல்மீன் டேங்க்ல பாசி வந்தாதான் தூக்கம் போகுது.

ஆனா அந்த டேங்க்ல நடக்கிறதும் உப்பளத்துல நடக்கிறதும் ஒண்ணுதான். தண்ணி மட்டும் ஆவியாகும், கரைஞ்சிருக்கிறது எல்லாம் உள்ளேயே தங்கும். கோடையில ஒரு நாளைக்கு 1 லிட்டர் ஆவியாகுதுன்னு வச்சுக்கோங்க. அதை ஈடுகட்ட போர் தண்ணி ஊத்துறீங்க. நம்ம நாட்டுக் குடிநீர் தரமே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்குது. அந்த அளவு இருக்கிற தண்ணிய தினமும் 1 லிட்டர் ஊத்தினா, 100 நாள்ல டேங்க் தண்ணியிலயும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் ஏறியிருக்கும். குடிக்கிற நமக்கு அது பாதுகாப்பான தண்ணி, பாசிக்கு அது உரம். அதனால ஊத்துற தண்ணி ஆர்.ஓ. தாண்டி டீஅயனைசேஷன் ரெசினும் தாண்டி வரணும், டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டணும். மெஸ்ல இருக்கிற ஆர்.ஓ. பத்தாது.

உப்பு விஷயத்துல நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். பக்கத்துலயே உப்பளம் இருக்கே, எதுக்குக் காசு கொடுத்து சால்ட் மிக்ஸ் வாங்கணும்னு, பாத்தி உப்பைக் கொண்டு வந்து கரைச்சேன். ஹைட்ரோமீட்டர் சரியா 1.025 காட்டுச்சு. ரெண்டே நாள்ல மீன் மூச்சு வாங்க ஆரம்பிச்சது. கடல் தண்ணி வற்றும்போது சுண்ணாம்பு முதல்ல இறங்கும், அப்புறம் ஜிப்சம், தண்ணி பத்துல ஒரு பங்கா சுண்டின பிறகுதான் சோடியம் குளோரைடு. மக்னீசியமும் பொட்டாசியமும் மிச்ச கசப்புத் தண்ணியோட வெளியே போயிடும். அதாவது உப்பளம் என்பதே கடல் தண்ணியைப் பிரிச்செடுக்கிற பிளான்ட். பிரிச்சதுல ஒண்ணை மட்டும் எடுத்துக் கரைச்சா கடல் வராது. கடல்ல லிட்டருக்கு சுமார் 1,290 மில்லிகிராம் மக்னீசியம், 410 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. என் பக்கெட்ல ரெண்டும் பேருக்குத்தான் இருந்தது.

இப்போ தீவனத்துக்கு வருவோம். மாஸ் பேலன்ஸ் செமஸ்டரோட முடிஞ்சதுன்னு நினைச்சா, இங்கேயும் அது தேவைப்படுது. தினமும் 1 கிராம் காய்ந்த தீவனம் போடுறீங்க, அதுல 1 சதவீதம் பாஸ்பரஸ்னு வைங்க. 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், பாஸ்பேட் கணக்குல சுமார் 30 மில்லிகிராம். 100 லிட்டர்ல அது ஒரு நாளைக்கு லிட்டருக்கு 0.3, வாரத்துக்கு 2.1. ரீஃப் டேங்க்ல 0.1-க்குக் கீழே வைக்கத்தான் எல்லாரும் பாடுபடுறாங்க. வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தினா இருக்கிறதுல பத்துல ஒரு பங்குதான் வெளியே போகும். உள்ளே வர்ற 2.1-உம் வெளியே போறதும் சமமாகணும்னா பாஸ்பேட் 21 வரைக்கும் ஏறணும்! மீன் உடம்புல சேர்றது, கல் உறிஞ்சுறது எல்லாம் கழிச்சாலும், தண்ணி மாத்துறதை மட்டும் நம்பினா கணக்கு தேறாது.

அப்படின்னா டெஸ்ட் கிட் ஏன் பாஸ்பேட் பூஜ்யம்னு காட்டுது? கல்லு மேல தலைமுடி மாதிரி பச்சையா ஆடுதே, பாஸ்பேட் முழுக்க அதுக்குள்ள இருக்கு. பேங்க்ல பேலன்ஸ் இல்லை, ஆனா வீட்டுல நகையா இருக்குங்கிற மாதிரி. அதனால முடிப்பாசியைக் கையால பிடுங்கி வெளியே எடுக்கிறதுதான் உண்மையான ஏற்றுமதி. கல்லை வெளியே எடுத்து, டேங்க்ல இருந்து எடுத்த உப்புத் தண்ணியிலயே பிரஷ் போட்டுத் தேய்ங்க. உள்ளேயே வச்சுத் தேய்ச்சா துண்டு துண்டா பரவும். ஸ்மித்சோனியன்ல இருந்த வால்டர் ஏடி 1980கள்ல இதையே முறையாக்கினார். பாசியைத் தனியா ஒரு தட்டுல, நல்ல வெளிச்சத்துல வேணும்னே வளர்த்து அப்பப்போ அறுத்தெடுக்கணும். டேங்க்ல முளைக்க வேண்டியது அங்கே முளைச்சிடும். கீழ் டேங்க்ல கீட்டோமார்ஃபா பாசி வளர்க்கிறதும் இதே தந்திரம்.

மேயுறவங்களும் வேணும். கரீபியன் கடல்ல 1983-84-ல டயடெமா என்கிற கடல் முள்ளெலி நோய் வந்து கூண்டோட அழிஞ்சது. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே அதிகமா பிடிச்சுட்டாங்க, புயலும் அடிச்சிருந்தது. ஜமைக்காவுல 1970களின் கடைசியில சுமார் 52 சதவீதமா இருந்த பவளப் பரப்பு, 1990களின் தொடக்கத்துல 3 சதவீதம். மிச்ச இடம் பாசிக்கு. நம்ம டேங்க்ல அந்த வேலைக்கு நாலைஞ்சு நத்தை போதும்.

எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் இல்லை. புது டேங்க்ல வர்ற பழுப்புப் பொடி டயாட்டம், சில வாரத்துல தானா போயிடும். சிவப்பு ஜவ்வு மாதிரி படியுறது உண்மையில பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. குழாய் போட்டு உறிஞ்சிட்டு, அந்த மூலையில தண்ணி ஓட்டத்தைக் கூட்டுங்க. எரித்ரோமைசின் மாத்திரை கரைக்கச் சொல்லுவாங்க, கேட்காதீங்க. அம்மோனியாவைச் சமாளிக்கிற நல்ல பாக்டீரியாவும் அதுல அடிவாங்கலாம்.

டைனோபிளாஜெல்லேட்டுக்குத்தான் நான் பயப்படுவேன். முடிப்பாசி மேல கடுப்பாகி ஒரே வாரத்துல மூணு பை பாஸ்பேட் ரிமூவர் போட்டேன். ரீடிங் நிஜமாவே பூஜ்யம், பச்சை காணாம போச்சு. பத்து நாள்ல கல்லு மேல பழுப்பா மூக்குச்சளி மாதிரி, நடுவுல நடுவுல குமிழோட ஒண்ணு வந்தது. அதை மேய்ந்த நத்தை எல்லாம் வரிசையா செத்தது. இதுல சில வகை விஷம். போட்டிக்கு வேற பாசி இல்லாத காலி மைதானம்தான் அதுக்குப் பிடிக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல ஓவர்ஷூட் படிச்சோமே, அதேதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சம் ஏறவிட்டு, யு.வி. விளக்கு போட்டு, ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அடங்குச்சு. இப்போ ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்தான் பண்றேன். இந்த வாரம் தீவனம் பாதி, லைட் 10 மணி நேரத்துல இருந்து 7. அடுத்த ரீடிங் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றேன்.

கல்லைப் பத்தி ஒண்ணு. கடல்ல இருந்து பவளமோ பவளம் ஒட்டின கல்லோ கொண்டு வராதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 2001 முதல் கல்பவளம் எல்லாம் புலிக்குச் சமமா முதல் அட்டவணையில இருக்கு. என் டேங்க்ல இருக்கிறது செராமிக் கல்தான்.

பிடுங்கின பாசியை வாஷ்பேசின்லயோ, ஊருக்குப் போகும்போது கழிமுகத்துலயோ கொட்டக்கூடாது. மண்டபம் பக்கம் கேரஜீனன் எடுக்க வளர்த்த கப்பாபைகஸ் அல்வரேசி, மன்னார் வளைகுடாவுல குருசடைத் தீவோட பவளத்து மேல ஏறிப் படர்ந்ததை 2008-ல பதிவு பண்ணினாங்க. உடைஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் புதுசா முளைக்கும், அதனால ஆள் இறங்கிக் கையால பொறுக்க வேண்டியிருந்தது. 1984-ல மொனாக்கோவுல கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழேயே கண்டுபிடிச்ச காலெர்பா டாக்சிஃபோலியாவும் அக்வேரியத்துல வளர்த்த ரகம்தான். மத்தியதரைக் கடல்ல பரவிடுச்சு. நான் நியூஸ்பேப்பர்ல பரப்பி மொட்டை மாடி வெயில்ல ரெண்டு நாள் முறுமுறுன்னு காயவச்சு, அப்புறம்தான் குப்பையில போடுறேன். துளசிச் செடிக்குப் போடாதீங்க, உப்புல கருகிடும். வார்டன் கேட்டா பிராஜெக்ட்னு சொல்லிக்கலாம்.